வீட்டு ஒலிக்கூடமும் மென்பொருட் தேர்வும்



பாடசாலை அதிபர் ஒருவரிடம் பெற்றோர் வந்து கேட்கும் வினாக்கள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. நான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த நாள்களில், பிள்ளையைக் கலைப் பிரிவிற் சேர்ப்பதா, விஞ்ஞானப் பிரிவிற் சேர்ப்பதா என்று கேட்டார்கள். பின்னர், கணினி வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். இப்பொழுதோ, தந்தை ஒருவர் அறை வாசலிற் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, "மகன் வீட்டிலேயே பாட்டுப் பதியப் போகிறானாம். அதற்கு ஒரு சொஃப்ட்வெயார் வேண்டுமாம். அதற்கு மேலே பிளகின் என்று வேறு ஏதோ வேண்டுமாம். ஒன்றரை இலட்சம் ஆகுமென்கிறான். உண்மைதானா ஐயா?" என்று கேட்கின்றார்.

இவ்வினாவுக்கு விடை கூற எனக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். நான் தமிழும் வரலாறும் கற்ற கலைப் பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். ஆயினும், இத்துறையில் ஒரு பேரிழப்பைக் கண்டவன். அவ்விழப்பில் எனக்கும் பங்குண்டு. அதன் பின்னரே இப்பொருளைப் பற்றி விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன். அவ்வாறு தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில், பேசப்படும் பொருள் இன்னதென்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். முன்னாளில் ஒரு பாட்டைப் பதிவதற்குப் பெரிய கூடமும், ஒலிநாடா இயந்திரமும், பல வாயில்களைக் கொண்ட கலவைப் பலகையும் வேண்டியிருந்தன. அவை அனைத்தையும் ஒரு கணினிக்குள் அடக்கித் தருவதே ஒலிப்பதிவு மென்பொருள். இளைஞர் அதனை டி.ஏ.டபிள்யூ. என்று முதலெழுத்துகளாற் குறிப்பர். குரல் ஒரு தடத்திலும், மத்தளம் மற்றொரு தடத்திலும், சல்லரி பிறிதொரு தடத்திலுமாகப் பதிந்து, வேண்டாதவற்றை வெட்டி, அளவைக் கூட்டிக் குறைத்து, ஈற்றில் ஒரே பாட்டாக ஆக்கித் தருவது அதன் தொழில். பிளகின் எனப்படும் செருகு நிரலோ, அம்மென்பொருளுக்குள்ளே பொருத்தப்படும் சிறு கருவி. எதிரொலி சேர்ப்பது ஒன்று. குரலின் கனத்தைக் குறைப்பது ஒன்று. வயலினைப்போலவோ பியானோவைப்போலவோ தானே ஒலிப்பது இன்னொன்று. வீட்டுக்கும் தளபாடத்துக்கும் உள்ள உறவே இவ்விரண்டுக்கும் உள்ள உறவு எனலாம்.

இத்துறையின் வரலாறும் சுருக்கமாக அறியத்தக்கது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான 'மிடி' என்னும் பொது முறை 1983 இல் வந்தது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1989 இல் கியூபேஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதே நிறுவனம் 1996 இல் வி.எஸ்.ரி. என்னும் செருகு நிரல் முறையை அறிமுகஞ் செய்து, பிறரும் அம்முறைப்படி கருவிகளை ஆக்க வழி திறந்துவிட்டது. இன்று சந்தையில் ஆயிரக்கணக்கிற் செருகு நிரல்கள் மலிந்து கிடப்பதற்கு அதுவே முதற் காரணம். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவிற் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற பில்லி ஐலிஷ் என்னும் இளம் பாடகியின் பாடல்கள், அவருடைய தமையனின் படுக்கையறையிற் பதிவானவையே. வீட்டிலே நல்ல ஒலிப்பதிவு இயலுமா என்ற ஐயம் அதனோடு தீர்ந்தது. எதைக்கொண்டு செய்வது என்பதே எஞ்சிய வினா.

இனி, நான் கூறிய இழப்புக்கு வருகின்றேன்.

மட்டக்களப்புப் பகுதியில், எங்கள் பாடசாலைக்கு அண்மையில், எண்பது வயது கடந்த அண்ணாவியார் ஒருவர் இருந்தார். வடமோடிக் கூத்துகள் பலவற்றின் வரவுப் பாட்டுகளும் தாளக்கட்டுகளும் அவருக்கு மனப்பாடம். கொப்பியில் இருந்தவை பாட்டின் சொற்கள் மாத்திரமே. மெட்டு அவர் தொண்டையில் மட்டும் இருந்தது. 2018 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், எங்கள் பழைய மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியையும் ஒலிவாங்கியையும் கொண்டுவந்து, நான்கு மாலைப் பொழுதுகள் பாடசாலை நூலகத்தில் வைத்து அவரைப் பாடச் செய்து பதிந்தான். மின்விசிறி ஒலிக்கும் என்று அதனை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய அம்முதியவர் பாடினார்.

சில நாள்களின் பின் மாணவன் என்னிடம் வந்தான். "சேர், பதிவு நல்லா இருக்கு. ஆனாப் பெரிய ஸ்ரூடியோவில செய்த மாதிரி இல்ல. நல்ல பிளகின் வாங்கினால் திருத்தலாம். நாற்பதாயிரம் வரை முடியும்" என்றான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் அத்தொகையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. "வெளியிற் காசில்லாமற் கிடைக்கின்றது என்கிறார்களே, அதை எடுத்துப் பாரேன்" என்று சொன்னவன் நானே. ஒழுக்கத்தைப் பற்றிக் காலைக் கூட்டத்திற் பேசும் அதிபரின் வாயிலிருந்து அச்சொல் வந்தது. அவன் ஒரு கடையில், பூட்டுடைத்த செருகு நிரல்கள் நூற்றுக்கணக்கில் நிறைந்த ஒரு வன்தட்டைப் பிரதி செய்து வந்தான்.

மார்கழி மாதத்தில் அண்ணாவியார் காலமானார். அடுத்த தை மாதத்தில் மாணவனின் கணினியிலிருந்த கோப்புகள் யாவும் பூட்டப்பட்டன. காசு அனுப்பினாற் றிறந்து தருவதாக ஓர் அறிவித்தல் திரையிற் றோன்றியது. பூட்டுடைத்த நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்த நச்சு நிரல் செய்த வேலை அது. வேறு பிரதி எங்கும் எடுத்து வைக்கப்படவில்லை. "எல்லாம் போச்சு சேர்" என்று அவன் என் அறையிலிருந்து அழுதான். அவனைத் தேற்றும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

நேயர்களே, இந்நிகழ்ச்சியிலிருந்து நான் கற்ற முதலாம் பாடம், எங்கள் பதிவுக்கு அந்தச் செருகு நிரல்கள் வேண்டியிருக்கவேயில்லை என்பது. முதியவர் ஒருவரின் குரலையும் ஒரு மத்தளத்தையும் பதிவதற்கு, மென்பொருளோடு கூடவே வரும் கருவிகள் தாராளமாகப் போதும். ஆகவே, வாங்குமுன் கேட்கவேண்டிய வினா, எது சிறந்தது என்பதன்று. எதைச் செய்யப் போகின்றேன் என்பது.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பேச்சையோ, தேவாரத்தையோ, ஒரு குரலையோ பதிந்து வெட்டித் திருத்துவதுதான் நோக்கம் என்றால், ஓடாசிட்டி என்னும் மென்பொருள் போதும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்து, இன்றும் இலவசமாகவே கிடைப்பது அது. பல கருவிகளையும் பல குரல்களையும் தடந்தடமாகப் பதிந்து கலக்க வேண்டுமெனில், ரீப்பர் என்பது கவனிக்கத்தக்கது. அறுபது நாள் முழு வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். தனியாளுக்கும் சிறு வருவாய் உடையோருக்கும் உரிய அனுமதியின் விலை 60 அமெரிக்க டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டால், அது 18,000 ரூபா. நிறுவும் கோப்பும் மிகச் சிறியது. பழைய கணினியிலும் இயங்கும். ஆனால், அதனோடு இசைக்கருவி ஒலிகள் பெரிதாக வருவதில்லை. அவற்றை வேறாகத் தேடிக்கொள்ள வேண்டும். விசைப்பலகையிற் றாளங்களை அடுக்கிப் புதிய இசை ஆக்குவதே விருப்பமெனில், பெல்ஜியத்திலிருந்து வரும் எஃப்.எல். ஸ்ரூடியோவும், பேர்லினிலிருந்து வரும் ஏபிள்டன் லைவும் இளைஞர் பெரிதும் விரும்புவன. முன்னதை ஒருமுறை வாங்கினாற் பிற்காலத் திருத்தப் பதிப்புகளுக்கு மீண்டும் பணம் கேட்பதில்லை என்பது அதன் சிறப்பு. ஆப்பிள் கணினி உள்ளவர்களுக்குக் கராஜ்பாண்ட் இலவசமாகவே கிடைக்கும். அதன் மூத்த உடன்பிறப்பான லொஜிக் புரோ ஆப்பிள் சாதனங்களில் மட்டுமே இயங்குவது. வேறு பெருங்கூடங்களோடு வேலையைப் பரிமாற எண்ணுபவர் புரோ ரூல்ஸ் பற்றி விசாரிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரே மென்பொருளுக்குப் பல பதிப்புகள் உண்டு. விலை குறைந்த பதிப்பிற் றடங்களின் தொகையோ வேறு வசதியோ குறைக்கப்பட்டிருக்கும். எது இல்லை என்பதை வாங்குமுன் வாசித்தறிக. அன்றியும், ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் இடைமுகப் பெட்டி ஒன்றை வாங்கும்போது, ஏபிள்டன் லைவ் அல்லது கியூபேசின் சிறு பதிப்பு அதனோடு சும்மாவே கிடைப்பதுண்டு. பெட்டியை வாங்கிவிட்டு, அதற்குள் இருக்கும் அனுமதிச் சீட்டைப் பாராமல் எறிந்துவிட்டு, வேறாக மென்பொருள் வாங்கியோரை நான் அறிவேன்.

அடுத்தது, கணினியின் வலிமையும் தாமதமும். பாடுபவன் தன் குரலைக் காதொலிப்பானிற் கேட்டுக்கொண்டே பாடுவான். குரல் கணினிக்குட் சென்று திரும்புவதற்கு ஒரு நேரம் எடுக்கும். கணினி ஒலியைச் சிறு சிறு மாதிரிகளாக எடுத்து, ஒரு தொகுதி சேர்ந்த பின்னரே அனுப்புவதால் இத்தாமதம் உண்டாகின்றது. செக்கனுக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில், 256 மாதிரி கொண்ட தொகுதி ஏறக்குறைய 5 மில்லிசெக்கன். 1024 மாதிரி கொண்டது 21 மில்லிசெக்கன். போகவும் வரவுமாக அது இரட்டிக்கும். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்வது. எனவே, பெரிய தொகுதியோடு பாடுபவன், பதினான்கு மீற்றர் தள்ளி நிற்கும் மத்தளகாரனுக்கு இசையப் பாடுபவனை ஒப்பான். தாளம் பிசகும், பிள்ளைக்குத் தாளஞானம் இல்லை என்று வீட்டார் எண்ணுவர். பதியும்போது தொகுதியைச் சிறிதாக்கிக்கொண்டு, கலக்கும்போது பெரிதாக்கிக்கொள்வதே வழி. செருகு நிரல்களை அளவுக்கு மீறி அடுக்கினாற் கணினி திணறி, சிறு தொகுதியை ஏற்க மாட்டாது. நிரல்களைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலும், செருகு நிரல்கள் எல்லாம் எல்லா மென்பொருள்களிலும் பொருந்தா. வி.எஸ்.ரி. முறையிலானவை பெரும்பாலானவற்றிற் பொருந்தும். லொஜிக் புரோ ஏ.யூ. என்னும் முறையையும், புரோ ரூல்ஸ் ஏ.ஏ.எக்ஸ். என்னும் முறையையும் கேட்பன. திருகாணியின் புரியறியாமற் சுரை வாங்குதல் கூடாது.

சரி, எத்தனை செருகு நிரல் வேண்டும்? என் விடை: நான்கு வகை. சுரப்பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் சமனாக்கி ஒன்று. உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியோடு நெருங்கச் செய்யும் அமுக்கி ஒன்று. மண்டபத்தின் முழக்கத்தைச் சேர்க்கும் எதிர்முழக்கி ஒன்று. ஒலியின் அளவைக் கண்ணாற் காட்டும் மானி ஒன்று. இவை யாவும் பெரும்பாலான மென்பொருள்களோடு கூடவே வருவன. அவை போதாவிடின், முறையாக இலவசமாக வழங்கப்படுவனவும் உண்டு. சமனாக்கலுக்கு ரி.டி.ஆர். நோவா, முழக்கத்துக்கு வல்ஹல்லா சுப்பர்மாசிவ், அளவைப் பார்ப்பதற்கு வொக்செங்கோ ஸ்பான், மின்னிசை ஆக்குவதற்கு வைற்றல் ஆகியன அத்தகையன. இவற்றை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் இவற்றோடு உழைத்த பின்னர், இன்ன குறை இருக்கின்றது என்று பிள்ளை தன் வாயாற் சொல்லக் கூடுமாயின், அக்குறையைத் தீர்க்கும் ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுக்கலாம். குறையைச் சொல்லத் தெரியாதவனுக்குக் கருவி வேண்டியதில்லை. 1967 இல் பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்ட சார்ஜன்ட் பெப்பர் இசைத்தட்டு நான்கு தட இயந்திரங்களிற் பதியப்பட்டது. இன்று இலவச மென்பொருளே அதனிலும் பன்மடங்கு தடங்களைத் தருகின்றது. ஆடத் தெரியாதவன் களரி கோணல் என்றானாம்!

எங்கள் இசையைப் பதிவோர் சிறப்பாகக் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று தாளம். இம்மென்பொருள்கள் திறந்தவுடன் நான்கு எண்ணிக்கை கொண்ட கட்டங்களைக் காட்டுவன. ஆதி தாளத்தின் எட்டு அதில் அடங்கும். மிச்ர சாப்பின் ஏழையும் கண்ட சாப்பின் ஐந்தையும் நாமே மாற்றி அமைக்க வேண்டும். விருத்தத்துக்கோ கட்டமே கூடாது. அதனையும் தாள ஒலியையும் நிறுத்திவிட்டே பதிய வேண்டும். எந்த மென்பொருளை வாங்க எண்ணினாலும், இந்த அமைப்புகளை எளிதில் மாற்ற முடிகின்றதா என்று சோதனைக் காலத்திலே பார்த்துக்கொள்க.

மற்றது சுருதி திருத்தும் நிரல். ஓட்டோ-டியூன் என்பது இவ்வகையிற் புகழ்பெற்றது. எண்ணெய் தேடுவதற்காக நிலத்தின் அதிர்வுகளைக் கணிக்கும் துறையில் உழைத்த அன்டி ஹில்டபிரான்ட் என்பவர், அவ்வறிவைக் குரலுக்குப் பயன்படுத்தி 1997 இல் அதனை வெளியிட்டார். அது பொதுவாக ஒரு தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து, பாடும் குரலை மிக அண்மையிலுள்ள பங்குக்கு இழுத்து நிறுத்துவது. மேனாட்டு மெட்டுக்கு அது உதவலாம். கமகமே உயிரான எங்கள் இசைக்கு அது என்ன செய்யும்? தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைவே அதன் உருவம். அசைவைப் பிழையென்று கருதும் நிரல், இராகத்தையே பிழையென்று திருத்திவிடும்.

இனி, அனுமதி பற்றி. கணினி நிரல்கள் எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தாற் பாதுகாக்கப்படுவன. பூட்டுடைத்துப் பயன்படுத்துதல் களவு. களவு என்ற சொல் கடுமையாகப் படலாம். என் வாய்ச்சொல்லையும் அதில் அடக்கியே கூறுகின்றேன். காசில்லாத பிள்ளைக்கு முறையான இலவசங்கள் உள்ளன என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிய முயலவும் இல்லை.

காசு கொடுத்து வாங்குவோரும், ஒருமுறை வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். டொலரில் வாடகை செலுத்தியோர் நிலை என்னாயிற்று? வாடகை நின்றால் நிரலும் நிற்கும். அன்றியும் நிறுவனங்களின் நோக்கும் மாறும். வேவ்ஸ் என்னும் நிறுவனம் 2023 மார்ச் மாதத்தில், இனி வாடகைக்கு மட்டுமே என்று அறிவித்து, வாடிக்கையாளர் எதிர்ப்பெழவே சில நாள்களில் அதனை மாற்றிக்கொண்டது. கேக்வோக் என்னும் பழைய மென்பொருளின் ஆக்கப்பணியை 2017 இல் அதன் உரிமையாளர் நிறுத்தினர். அடுத்த ஆண்டில் வேறொரு நிறுவனம் வாங்கியதால் அது பிழைத்தது. ஆதலின், எந்த மென்பொருளிற் பதிந்தாலும், ஒவ்வொரு தடத்தையும் வேவ் என்னும் பொதுக் கோப்பாக வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். மென்பொருள் மறைந்தாலும் அக்கோப்பு பேசும்.

அவ்வாறு எடுத்ததை மூன்று பிரதியாக்குக: ஒன்று கணினியில், ஒன்று புறவன்தட்டில், ஒன்று வேறொரு வீட்டிலோ, இணையச் சேமிப்பிலோ. ஒரு குரற்றடம், 24 பிற்று, 48,000 மாதிரி என்ற தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 மெகாபைற்று இடம் கொள்ளும். நான்கு மாலைகளில் அண்ணாவியார் பாடியது முழுவதும் ஒரு சிறு விரலிச் சேமிப்பானுள் அடங்கியிருக்கும். எந்தச் செருகு நிரலின் விலைக்கும் அதன் விலை ஒரு சிறு பங்கே.

ஈற்றில் ஒன்று கூறி முடிக்கின்றேன். அண்ணாவியாரின் பேத்தி எட்டாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் ஒரு மாலை, தன் தாயின் கைபேசியில் அவள் விளையாட்டாகப் பதிந்த ஒரு வரவுப் பாட்டு மட்டும் எஞ்சியிருந்தது. ஏழு நிமிடம். இடையில் யாரோ இருமும் ஒலியும் அதில் உண்டு. மாணவன் பரிகாரம் தேடுபவன்போல அதனை எடுத்துச் சென்று, இரைச்சலை நீக்கி, சுருதியைத் திருத்தி, முழக்கம் சேர்த்துக் கொண்டுவந்தான். என் அறையில் வைத்துப் போட்டுக் காட்டினான். மிகச் சுத்தமாகவே இருந்தது. பேத்தி சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இது எங்கட அப்பப்பா இல்ல சேர்" என்றாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அங்கேயே இருந்து, சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கினான். சுருதி திருத்தியை நிறுத்தினான், முழக்கத்தை நிறுத்தினான், இரைச்சல் நீக்கியைப் பாதிக்கும் கீழே இறக்கினான். தாழ்ந்த இரைச்சலை மட்டும் வெட்டும் ஒரு சமனாக்கி எஞ்சியது. அது மென்பொருளோடு சும்மா வந்தது. அப்பொழுது அப்பிள்ளை தலையசைத்தாள்.

அந்த ஏழு நிமிடம் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றது. எங்கள் மாணவர் அதைக் கேட்டு அவ்வரவுப் பாட்டை ஆடப் பழகுகின்றனர். ஏனைய பாட்டுகளின் சொற்கள் கொப்பியில் உள, மெட்டு இல்லை. உங்கள் ஊரிலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிற் கணினியோடு அமர்ந்திருக்கும் பிள்ளையிடம், எந்த மென்பொருள் வாங்கப் போகின்றாய் என்று கேட்குமுன், யாருடைய பாட்டைப் பதியப் போகின்றாய் என்று கேளுங்கள்.